ஷீஃப்ரா என்று கூப்பிடாதே

டூரீன், மேற்கு கார்க்
13 பிப்ரவரி 1977, ஞாயிறு

அன்புள்ள ஊனா,

வெள்ளிக்கிழமை காலையில் தபாலாபீஸ்காரி நெல், கடை வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "கோப்னிட்! உன் தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்கு! தாயும் புள்ளையும் சுகம்! ஆறே முக்கா பவுண்டுதானாம், பரவாயில்ல, தேத்திடலாம்!" எனக்குச் சொல்லச் சொல்லி நீ டெலிபோனில் சொன்ன சேதி, எனக்கு முன்னால் இருபது பேருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் புனித கோப்னிட் நாள் வேறு. கிணற்றைச் சுற்றி ஜெபம் சொல்ல வந்த கூட்டமெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. நான் சேற்றுக் காலணியோடு அழுதுகொண்டே நின்றேன்.

பதினொன்றாம் தேதி பார்த்துப் பிறந்திருக்கிறாளே, கெட்டிக்காரி. இனி பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உன் கல்யாணத்தன்று நீ என் தோளில் சாய்ந்து சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மொறப்படி அம்மா பேரத்தான் மூத்த பொண்ணுக்கு வைக்கணும். ஆனா என்ன வளத்தது நீதானக்கா. உன் பேரத்தான் வைப்பேன்" என்றாய். குடித்திருந்தாய், இருந்தாலும் சொன்னாய். எனக்கு மூன்றும் பையன்கள். பாஸ்டனில் நம் சித்தப்பா மகன் தன் பெண்ணுக்குக் கிம்பர்லி என்று வைத்திருக்கிறான். அது ஒரு பிஸ்கட்டின் பெயர். இந்தப் பள்ளத்தாக்கில் கடைசியாக கோப்னிட் என்று ஞானஸ்நானம் வாங்கியவள் நான்தான் என்று பங்கு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வருடமாயிற்று.

இத்துடன் ஒரு நாடா வைத்திருக்கிறேன். கோயிலில் புனித கோப்னிட்டின் மரச்சிலை மேல் தலை முதல் கால் வரை வைத்து அளந்தது. தொட்டிலில் கட்டு. காய்ச்சல் வந்தால் நெற்றியில் சுற்று.

ஞானஸ்நானம் என்றைக்கு? ஞானத்தாயாக நிற்க ரயிலேறி வந்துவிடுகிறேன். உன் வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவை. போன தடவை போல என் ஐரிஷைத் திருத்த வேண்டாம். நான் தாய்ப்பாலோடு குடித்த மொழிக்கு, டப்ளினில் மாலை வகுப்பில் படித்தவர் இலக்கணம் சொல்லித் தந்தார். அன்றைக்குச் சாப்பிட்டது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

உன் அக்கா,
கோப்னிட்

—

டப்ளின்
19 பிப்ரவரி 1977

அன்புள்ள அக்கா,

நாடா வந்தது. நன்றி. தொட்டிலில் கட்டுவதற்குள் என் வீட்டுக்காரர் டாசூன் அதை எடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கணப்புக்கு மேலே மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். கோபித்துக்கொள்ளாதே, அவர் மரியாதையாகத்தான் செய்கிறார்.

எனக்குத் தையல் இன்னும் வலிக்கிறது. குழந்தை சரியாகக் குடிக்கவில்லை. புட்டியை வாயில் வைத்தால் நாலு உறிஞ்சு, பிறகு அழுகை, பிறகு களைத்துப்போய்த் தூக்கம். மறுபடி அழுகை. ஒரு வாரத்தில் எடை ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

பெயர் விஷயம். சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கோப்னிட் பிடிக்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. "யோசிச்சுப் பாரு ஊனா, இங்க பள்ளிக்கூடத்துல பாதிப் பேருக்கு இங்கிலீஷ்தான். இங்கிலீஷ்ல 'கோப்'னா வாய். எச்சி. காறித் துப்புற கோழை. புள்ளைய விட்டுவைப்பாங்களா?" என்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, அக்கா. ஆனால் ஆங்கிலப் பெயரும் வைக்க மாட்டாராம். பழைய ஐரிஷ் பெயராகவே இருக்க வேண்டும், அதே சமயம் கேட்க அழகாக இருக்க வேண்டும் என்று குழந்தை பிறக்கும் முன்பிருந்தே ஒரு மாதமாக அகராதியைப் புரட்டினார்.

கிடைத்துவிட்டது. ஷீஃப்ரா. சொல்லிப் பார், வாயில் எவ்வளவு மெதுவாக வருகிறது. தேவதைக் குட்டி என்று அர்த்தம் போட்டிருக்கிறதாம். எனக்கும் எப்போதோ சின்ன வயதில் காதில் விழுந்த சொல் மாதிரிதான் இருக்கிறது. அவருடைய மொழிச் சங்க நண்பர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

நீதான் ஞானத்தாய். அதில் மாற்றமில்லை. கோபப்படாமல் பதில் போடு.

ஊனா

—

டூரீன்
22 பிப்ரவரி 1977

ஊனா,

உன் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். படித்ததும் வாசலுக்கு வந்து துப்பினேன். கோப்னிட் என்கிற பெயருக்கேற்ற வேலை என்று உன் புருஷன் சந்தோஷப்படட்டும்.

சீ! எந்தப் பாவி அந்தச் சொல்லை அகராதியில் தேவதை என்று எழுதியது? ஷீஃப்ரா என்றால் தேவதைக் குட்டி இல்லை. நல்ல பிள்ளையைத் திருடிக்கொண்டு போய்விட்டு, மலைக்குள் இருப்பவர்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிற சனியன். பிள்ளை மாதிரியே இருக்கும், பிள்ளை இல்லை. குடிக்கும், தேறாது. அழும், தூங்காது. கிழட்டு முகத்தோடு முழித்துப் பார்க்கும். இங்கே ஒரு வீட்டில் ஒரு குழந்தையைப் பார்த்து அந்தச் சொல்லை ஒருத்தி சொன்னால், அந்த வீட்டுக்காரி இடுக்கியை எடுத்துக்கொண்டு அடிக்க வருவாள். சொன்னவள் திரும்ப அந்த வாசலை மிதிக்க முடியாது. என் புருஷன் கான் நம்முடைய நோஞ்சான் கன்றுக்குட்டியை ஒருநாள் அப்படித் திட்டினதற்கே நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

எடை இறங்குகிற பிள்ளைக்கு, புட்டியைத் தள்ளிவிட்டு அழுகிற பிள்ளைக்கு, இதையா தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்? கை வேறு தட்டினார்களா? பன்றி கொழுப்பில் வழுக்கி விழுந்தாலும் கை தட்டுவார்கள் அந்தக் கூட்டத்தார். கிராமத்தான் வேஷத்துக்குக் கம்பளிச் சட்டையும் அவர்களும்!

உன் வீட்டுக்காரரின் அம்மா அவருக்கு டெஸ்மண்ட் என்று பெயர் வைத்தாள். அது ஆங்கிலம் என்று வெட்கப்பட்டு, டாசூன் என்று மாற்றிக்கொண்டார். டெஸ்மண்ட் என்பதே நம் தெற்கு மன்ஸ்டர் மண்ணுக்கு ஐரிஷில் இருந்த பெயர்தான் என்று அந்தப் பெரிய மனுஷனுக்கு யாராவது சொன்னார்களா? தன் பெயருக்கே அர்த்தம் தெரியாதவர் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறார்.

அவளை அப்படிக் கூப்பிடாதே. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வீட்டுக்குள்ளேயும் வேண்டாம்.

கோப்னிட்

—

டப்ளின்
27 பிப்ரவரி 1977

அக்கா,

நீ எழுதினதைப் படித்தபோது எனக்குப் பழைய வாசனையெல்லாம் வந்தது. நம் அடுப்பங்கரையின் புகை, கொட்டகைச் சாணி, ஈரக் கம்பளி, ஜன்னலோரம் தொங்குகிற பன்றித் தொடை. அதோடு பேய், மலை, இடுக்கி. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். இதையெல்லாம் விட்டுத் தொலைக்கத்தானே நான் பதின்மூன்று வயதில் விடுதிக்குப் போனேன்?

நாங்கள் இருப்பது 1977இல். ஒரு பழைய சொல்லை எடுத்துத் தூசி தட்டிப் புதிதாக வைக்கிறோம், அவ்வளவுதான். யாருக்கு இங்கே அந்த அர்த்தம் தெரியும்? அர்த்தம் தெரிந்தவர்கள் எல்லாம் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ ஏன் இப்படிக் குதிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயர் இல்லை என்பதால்தான். அதைச் சொல்லிவிடு, கௌரவமாக இருக்கும். பேயை இழுக்காதே.

இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரம் எல்லோரும் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். என் அக்கா பெயர் கோப்னிட் என்றேன். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "சாணில முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குடி" என்றாள். மொத்த அறையும் சிரித்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உன் பெயருக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற அபிகெய்ல் என்றுதான் சொல்லிவந்தேன். டாசூனுக்கே கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் உன் உண்மைப் பெயர் தெரியும். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று பத்து வருடம் வைத்திருந்தேன்.

குழந்தை அப்படியேதான் இருக்கிறாள். ஆறரை பவுண்டு. இரவு பகல் தெரியாமல் அழுகை. அவர் ஷீஃப்ரா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார், எனக்கும் வாயில் வந்துவிட்டது. ஞானஸ்நானம் மார்ச் 20, ஞாயிறு. வர இஷ்டமில்லை என்றால் சொல். அவர் தங்கை நிற்பாள்.

ஊனா

—

டூரீன்
3 மார்ச் 1977

அன்புள்ள ஊனா,

அபிகெய்ல். இரண்டு நாளாக அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பால் கறந்தேன். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ மூக்கைப் பிடித்துக்கொண்டவளின் பக்கம் போய் உட்கார்ந்தாய், பத்து வருடம். எனக்கு அது கேவலமாக இருக்கிறது. உன்மேல் வெறுப்பாகவும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. பெயருக்காகத்தான் குதிக்கிறேன் என்று நினைக்கிறாயே, அதற்காக.

டொனகாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? உனக்கு முன்னால் எனக்கு ஒரு தம்பி இருந்தான், நெஞ்சுச் சளியில் போய்விட்டான் என்று அப்பா சொல்லியிருப்பார். எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

அவனுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. இரண்டு வயதாகியும் நிற்கவில்லை. தலை பெரிது, கால் குச்சி. எதைக் கொடுத்தாலும் பாதி வெளியே வந்துவிடும். எப்போதும் ஒரு புளித்த நாற்றம் அவன் கழுத்தில் இருக்கும். அம்மா துடைத்துத் துடைத்துத் தோலே சிவந்துவிட்டது. ஆனால் சிரிப்பான். நான் தகர டப்பாவைத் தட்டினால் வயிறு குலுங்கச் சிரிப்பான். அழுகிற நேரம் போக மிச்ச நேரம் முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதலில் அந்தச் சொல்லைச் சொன்னது யார் என்று தெரியவில்லை. கோயிலில் பெண்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு மலைமேல் இருந்த கிட் வந்தாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் தெரியும் என்று பேர். தொட்டிலைப் பார்த்தாள். தொடவில்லை. "இது உன்னுது இல்ல ஆனீ. ஷீஃப்ரா. நீ இதுக்கு ஊட்ட ஊட்ட, உன் புள்ள அங்க பட்டினி கெடக்கான்" என்றாள். அம்மா அன்றைக்கு முழுக்க அவனைத் தூக்கவில்லை. அழ விட்டுவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை, ஊனா. அங்கே பட்டினி கிடக்கிறான் என்று சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

ஜூன் மாதம். வேலியோரம் ஊதா நிறத்தில் விரலுறை மாதிரி தொங்குமே, அந்தப் பூ நிறையப் பூத்திருந்தது. மாடுகூட வாய் வைக்காத செடி. அதன் இலையை அவித்துக் கொடுத்தால், வந்தது போய்விடும், திருடுபோனது திரும்பி வரும் என்றாள் கிட். அம்மா வாசற்படி வரைக்கும் போய் நின்றுவிட்டாள். யாராவது பறித்துக்கொண்டு வர வேண்டுமே.

நான் போனேன். கூடை நிறையப் பறித்தேன். எனக்கு விவரம் தெரிகிற வயதுதான். அது என்ன செடி என்று தெரியும். எதற்கு என்றும் தெரியும். தம்பி திரும்பி வரப்போகிறான், நல்ல கால்களோடு வரப்போகிறான் என்று ஓடி ஓடிப் பறித்தேன். அம்மா கிண்ணத்தைப் பிடித்தாள். நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். கசப்பில் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தான். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

யாரும் திரும்பி வரவில்லை. கிட் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தாள். அதில் நான்கு வருடம் கழித்து நீ வந்தாய். உன்னை அம்மா தூக்க மாட்டாள், தெரியுமா? பார்த்துக்கொண்டே நிற்பாள். தூக்கினதெல்லாம் நான்தான்.

இன்றைக்கும் அந்தப் பூவைக் கண்டால் என் கை எனக்கே அருவருப்பாக இருக்கும். கானிடம்கூடச் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னேன், மன்னித்தார், ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் எல்லாம் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினாயே. நான் இருக்கிறேன்.

கோப்னிட்

—

டப்ளின்
9 மார்ச் 1977

அக்கா,

உன் கடிதத்துக்கு என்னால் இப்போது பதில் எழுத முடியவில்லை. உன்மேல் எனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கே தெரியவில்லை. நான் உன் கையில் வளர்ந்தவள். அந்தக் கையைப் பற்றி என்னால் நினைக்க முடியவில்லை. மன்னித்துவிடு, பொய் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தை நான் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அவர் எடுத்துப் படித்துவிட்டார். நான் மேலே குழந்தையோடு இருந்தேன். படியேறி ஓடி வந்தார். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். முகம் பளபளவென்று இருந்தது.

"ஊனா, இது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியுமா? இந்த நூற்றாண்டுலயே நடந்திருக்கு! நேர்ல பாத்தவங்க உயிரோட இருக்காங்க! சொல்லுக்குச் சொல் அவங்க உச்சரிப்புலயே பதிவு பண்ணணும். ஈஸ்டருக்கு டேப் ரெக்கார்டரோட போயிடலாம். இத விட்டா வேற ஆள் கெடைக்காது" என்றார்.

அவர் கையில் உன் கடிதம். ஓரத்தில் பென்சிலால் அங்கங்கே கோடு போட்டிருந்தார். 'மலைக்குள் இருப்பவர்கள்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. முந்தின கடிதத்தையும் எடுத்திருக்கிறார். டொனகாவின் பெயருக்கு அடியில் ஒன்றும் இல்லை.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டேன்.

பிறகு சமாதானமாகப் பேசினார். உன் மனம் நோகக் கூடாதாம். அதனால் ஷீஃப்ரா கோப்னிட் என்று இரண்டையும் வைத்துவிடலாமாம். இரண்டாவது பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லையே என்கிறார்.

என்ன செய்யட்டும்? சொல்.

ஊனா

—

டூரீன்
12 மார்ச் 1977

ஊனா,

டேப் ரெக்கார்டரோடு அந்த ஆள் இந்த வாசலுக்கு வந்தால், நாயை அவிழ்த்து விடுவேன். நாய்க்கு ஐரிஷ்தான் தெரியும், இலக்கணம் தெரியாது. சொல்லிவை.

என் தம்பியின் சாவில் என் உச்சரிப்பு வேண்டுமாம். பெட்டியில் போட்டு வைப்பாராம். பத்துப் பேர் கம்பளிச் சட்டையில் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். தூ! கிட்டின் மேலாவது எனக்கு ஒரு பயம் இருந்தது. இந்த ஆளை நினைத்தால் காலணியில் ஒட்டினதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. உன் புருஷன், நீ வாழ வேண்டியவள், இதற்கு மேல் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பெயரைப் பற்றிக் கேட்டாய். ஷீஃப்ராவை வேண்டாம் என்று இன்னொரு முறை கெஞ்சுகிறேன். அந்தச் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ என் பெயரை ஒட்டுப் போடாதே. அதைவிட முக்கியமாக ஒன்று. என் பெயரே வேண்டாம்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்தது. நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் உன்னிடம்? எதை உன் மகளின் தலையில் தூக்கி வைக்கச் சொன்னேன்? அன்றைக்கு அம்மா வாசலில் நின்று "கோப்னிட், போய் பறிச்சிட்டு வா" என்றுதான் கூப்பிட்டாள். அந்தப் பெயருக்குத்தான் நான் ஓடினேன். சாணி நாற்றம் என்று உன் சிநேகிதி சொன்னாளே, அவளுக்குத் தெரியாமல் சரியாகச் சொல்லிவிட்டாள். சாணியாக இருந்தால் கழுவியிருப்பேன்.

மேரி என்று வை. ஆனி என்று வை. பிஸ்கட் பெயரைக்கூட வை. நான் வரவில்லை. அவர் தங்கையே நிற்கட்டும். உன்னால் என் கையைப் பற்றி நினைக்க முடியவில்லை என்றாய். என்னாலும் முடிந்ததில்லை. அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பிள்ளையின் எடையை மட்டும் எழுது. புட்டி காம்பின் துளையைப் பார்த்தாயா? தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்துப் பார், சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். நம் கன்றுக்குட்டிக்கு அதுதான் கோளாறாக இருந்தது.

கோப்னிட்

—

டப்ளின்
21 மார்ச் 1977

அன்புள்ள அக்கா,

காம்பைப் பார்த்தேன். கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மாவட்டத் தாதி வந்து, ஊசியை அடுப்பில் சுட்டு, ஒரு குத்து குத்தினாள். அவ்வளவுதான். அன்றைக்குக் குழந்தை நாலு அவுன்ஸ் ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். நேற்று ஏழு பவுண்டைத் தாண்டிவிட்டாள். ஐந்து வாரமாகப் பட்டினியில் அழுத பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் அதற்கு ஷீஃப்ரா என்று பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தோம். சிரித்துக்கூட இருக்கிறோம். என்னை நினைத்தே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை நீ மட்டும்தான் புரிந்துகொள்வாய்.

நேற்று ஞானஸ்நானம். இந்தப் பங்குக்கு வயதான பாதிரியார், நம் பக்கத்துக் கெர்ரிக்காரர், ஃபாதர் மோரியார்டி. என் நாத்தனார் ஞானத்தாயாக நிற்கத் தயாராகத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சங்கத்து நண்பர்கள் முதல் வரிசையில். தான் சொன்ன பெயர்தான் என்று முடிவாகிவிட்டதாக என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீங்க?" என்று ஃபாதர் கேட்டார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"கோப்னிட்."

ஃபாதருக்குக் காது மந்தம். "சத்தமாச் சொல்லும்மா" என்றார்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தர் இருமினார். நாத்தனார் "இது என்ன பேருடா?" என்று அண்ணனிடம் கிசுகிசுத்தாள். ஃபாதர் மட்டும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தப் பேரச் சொல்லித் தண்ணி ஊத்தி முப்பது வருஷமாச்சு. எந்த ஊரு நீ?" என்றார். சொன்னேன். "அதானே" என்று சொல்லி ஊற்றினார். அவள் தலை ஈரத்தில் பளபளத்தது, கையைக் காலை உதைத்துக்கொண்டு கத்தினாள். நல்ல தொண்டை.

ஞானத்தாய் இடத்தில் உன் பெயரைத்தான் எழுதச் சொன்னேன். நாத்தனார் உனக்காக நின்றதாகக் கணக்கு. நீ வரவில்லை என்பதால் தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

டாசூனை இனி டெஸ்மண்ட் என்றுதான் கூப்பிடப் போகிறேன். காரில் ஏறினோம். கதவை அடைத்ததும் "புள்ளைக்குப் பேர் வெச்சியா, இல்ல காறித் துப்பினியா?" என்றார். நான் "ரெண்டும்தான்" என்றேன். நேற்று இரவு கீழே கூடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டார். உன் கடிதங்கள் இரண்டையும் அவர் மேஜையிலிருந்து எடுத்துக் கணப்பில் போட்டுவிட்டேன். பென்சில் கோட்டோடு சேர்ந்து எரிந்தன. அவர் அழுதார். டொனகாவுக்காக இல்லை. நாளைக் காலையில் பதிவு அலுவலகத்துக்கு நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

உன் பெயர் வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பத்து வருடமாக நான் அந்தப் பெயரைத் தப்பான காரணத்துக்காக மறைத்தேன். நீ முப்பது வருடத்துக்கும் மேலாக அதைத் தப்பான காரணத்துக்காகச் சுமக்கிறாய்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 'எனக்கு விவரம் தெரிகிற வயதுதான்' என்று எழுதியிருந்தாய். எத்தனை என்று எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினவள் அதை மட்டும் விட்டுவிட்டாய். நேற்று குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். நீ என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் பிறக்க நாலு வருடம் முன்னால் அது நடந்தது.

அக்கா, உனக்கு அப்போது எட்டு வயது.

ஊனா